முதலில் யார், கடைசியில் எப்போது

1

போன மாதம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தடித்த தாள், ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் எழுத்துப் பிழை இல்லாமல் என் பெயர். ஆங்கில வாக்கியத்தில் எந்த வார்த்தையை எங்கே வைக்க வேண்டும் என்று இந்த ஆசாமிக்குத் தெரியும் என்பதுதான் அதன் சாரம். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்னால் திருவண்ணாமலையில் பதினாறு வருடம் அடுத்தவர்களுக்கு வாக்கியம் எழுதிக் கொடுத்துத்தான் சோறு சாப்பிட்டேன். அப்போது ஒருவரும் எனக்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கொடுக்கவில்லை.

மகள் யாழினி அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அதை எடுத்துப் பீரோவில், பழைய மின்சார ரசீதுகளுக்குக் கீழே வைத்தேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். சொல்ல வந்ததை முதல் வரியிலேயே போட்டுவிட வேண்டும் என்பது சான்றிதழ் கொடுத்த ஆங்கில வகுப்பில் நான் கற்ற பாடம். அதன்படியே செய்கிறேன். இந்தப் படிப்பால் என் அக்காவின் இடது கண் போய்விட்டது. மற்றதெல்லாம் இனிமேல்தான்.

2

என் மனைவி மலர் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் வந்தேன். அரசாங்கப் படிவத்தில் எனக்குப் பெயர் 'சார்ந்திருப்பவர்'. மாமியார் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளையை நம் ஊரில் இவ்வளவு நாகரிகமாக யாரும் சொன்னதில்லை. இப்போது ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டி ஒரு தேர்வில் தேற வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் நூலக மாடியில் நடக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

ஆசிரியை பெயர் ஹெலன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. 'ஹெலன் மேடம்' என்பதில் இருவரும் சமாதானம் ஆனோம்.

முதல் நாள் ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார். உள்ளே ஒரு வாக்கியத்தைக் கத்தரித்துப் போட்ட துண்டுச் சீட்டுகள். வரிசைப்படுத்த வேண்டும். அரை நிமிடத்தில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். நான், காலையில், சமையலறையில், மெதுவாக, காபி, குடித்தேன். இதற்கு ஒரு வகுப்பா என்றுகூட நினைத்தேன். ஹெலன் மேடம் வந்து பார்த்தார். 'நான்' என்ற சீட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஐந்தையும் அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தார். நான் குடித்தேன் காபி மெதுவாக சமையலறையில் காலையில். ஆறு சீட்டில் சரியான இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் 'நான்' ஆக இருந்ததில் எனக்கு ஒரு சின்ன திருப்தி.

பலகையில் ஒரு சூத்திரம் எழுதிப் போட்டார். யார், என்ன செய்தார், எதை, எப்படி, எங்கே, எப்போது. குளிக்கும்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார். சொன்னேன். மலர் கதவைத் தட்டி, "உள்ள யார்கிட்ட பேசினு இருக்க?" என்று கேட்டாள்.

படிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று ஒன்று சொல்கிறேன். தமிழில் ஒவ்வொரு வார்த்தையும் தன் விலாசத்தைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு திரிகிறது. 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவன் ஒருவனே. ஆங்கில வார்த்தைக்கு வால் கிடையாது. நிற்கிற இடம்தான் அதற்கு எல்லாம். யார் முன்னால் நிற்கிறாரோ அவர் கடித்தவர், பின்னால் நிற்கிறவர் கடிபட்டவர். மேலாளர் என்னைத் திட்டினார் என்று நான் வகுப்பில் சொன்ன முதல் சொந்த வாக்கியத்தைக் கேட்டு ஹெலன் மேடம் முகம் மாறியது. வேலைக்கு ஆபத்து வராதா என்று கவலையோடு விசாரித்தார். பிறகுதான் தெரிந்தது, திட்டியது நான் என்று ஆகியிருக்கிறது. அந்த மேலாளரை அதற்கு முன்னும் பின்னும் நான் திட்டியதே இல்லை. மனதுக்குள் திட்டியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பொருளை வர்ணிக்கவும் அவர்களிடம் வரிசை உண்டு. நல்லதா கெட்டதா, பெரியதா சிறியதா, பழசா புதுசா, என்ன வடிவம், என்ன நிறம், எந்த ஊர், எதில் செய்தது. மாற்றிச் சொன்னால் பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்குமாம். இந்தப் பட்டியலை இரண்டு வாரம் மனப்பாடம் செய்துவிட்டு யாழினியைச் சோதித்தேன். எட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தேன். பதினான்கு வயதுப் பெண், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே அடுக்கினாள். அழகான சின்ன பழைய உருண்டையான மஞ்சள் இந்திய பித்தளைச் செம்பு. விதி என்ன என்று கேட்டேன். "விதியா? என்ன விதி?" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

3

ஊரில் நான் செய்த வேலை மனு எழுதுவது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிர்ப்புறம், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும் போட்டிருந்தேன். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். விடிந்ததும் கீழ்பென்னாத்தூர், செங்கம், போளூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள்.

மனுவுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. பிறகு, 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கி, மனுதாரரின் ஆயுசு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் இழுத்துக்கொண்டு போய், இரண்டாம் பக்கத்தின் அடியில் 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நிறுத்தினால், படிக்கிற அதிகாரியும் எழுதிய நானும் சேர்ந்து மூச்சு விடுவோம். 'பொருள்' என்ற வரி மேலேயே இருக்கிறதே, அதில் விஷயம் முதலிலேயே வந்துவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்த வரியை நான் காலியாக விட்டுவிட்டு எழுதுவேன். மனுதாரர் எழுந்து நிற்கிற வரைக்கும் அதை நிரப்ப மாட்டேன்.

ஏன் என்றால், வந்த விஷயத்தை உட்கார்ந்துகொண்டு சொல்லும் ஆளை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். தெருவிளக்கு எரியவில்லை என்று முக்கால் மணி நேரம் சொன்னார். எந்தக் கம்பம், எந்த வயர், எந்த மழையில் போனது, லைன்மேன் யாருக்குச் சொந்தம் என்று எல்லாம் வந்தது. நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்தார்.

"அப்புறம் சார், நம்ம பையன் வீட்ட வுட்டுப் போயி ஆறு மாசம் ஆவுது. அதையும் ஒரு ஓரத்துல ஒரு வரி சேத்துக்க முடியுமா?" என்றார்.

அந்த மனுவின் பொருள் வரியில் தெருவிளக்கு என்று நான் எழுதவில்லை. அந்தப் பதினாறு வருடத்தில் எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான். எழுந்து நிற்கிற மனிதர் வாயைத் திறக்கிற வரை பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

4

இங்கே அந்தத் திறமைக்கு வேலை இல்லை. டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்தால், மணி அடித்து ஓய்வதற்குள் ஒரு பெண், உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாள். வணக்கம் சொல்லி, போன மாதம் கிடங்கில் ஒருவர் விடுப்பில் போனதால் அவர் பங்குப் பெட்டிகளையும் நானே தூக்க வேண்டி வந்தது என்று அடித்தளம் போட ஆரம்பித்தேன். பிரச்சனை என்ன என்றாள். அதைத்தானம்மா சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை. முட்டி என்றேன். புதன்கிழமை ஒன்பது மணி என்றாள். என் முட்டியின் வரலாறு யாருக்கும் தெரியாமலே போயிற்று.

குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்ததற்கு நகரசபை எழுதிய கடிதத்தில் அபராதம் முதல் வரியில் இருந்தது. அன்பான வார்த்தைகள் எல்லாம் கடைசியில் இருந்தன. நம் ஊர்க் கடிதத்தைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருந்தது.

கிடங்கு மேலாளர் டேவ் என்பவரிடம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று நாள் தயார் செய்தேன். போய் நின்று, மழையைப் பற்றிப் பேசினேன். அவர் நாயைப் பற்றி விசாரித்தேன். அவர் அம்மாவின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மனிதர் நெகிழ்ந்துவிட்டார். இவ்வளவு அக்கறையாக இந்தக் கிடங்கில் யாரும் கேட்டதில்லை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார். நான் விஷயத்துக்கு வந்திருக்கவே இல்லை. மறுநாள் ஹெலன் மேடம் சொன்னபடி போய், எனக்கு வேண்டும் விடுப்பு வெள்ளிக்கிழமை என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் உழைப்பு வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வீட்டில் யாழினியின் தமிழும் ஆங்கில வரிசைக்கு மாறிக்கொண்டிருந்தது. "அப்பா, எனக்கு வேணாம் சாம்பார் இன்னைக்கு." "நான் போறேன் நீச்சலுக்கு ஞாயித்துக்கிழமை காலைல." வார்த்தை எல்லாம் நம் வார்த்தை. நிற்கிற இடம்தான் வேறு. ஹெலன் மேடம் கேட்டால் முழு மதிப்பெண் போடுவார். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு அவளைப் பார்த்து நான் என் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினேன்.

5

என் அக்கா பெயர் தனம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஏக்கர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறாள். மாமா இறந்து பத்து வருடம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. எனக்கும் அவளைத் தவிர அங்கே ரத்த சொந்தம் என்று வேறு யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவளுக்கு அப்போது சாயங்காலம், நான் போன் செய்வேன். முதல் ஆறு வருடம் அது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

"சாப்ட்டியாடா? இன்னா சாப்ட்ட? இங்க மழையே காணோம். மல்லாட்டச் செடியெல்லாம் வாடிப் போச்சு. நேத்து பௌர்ணமி இல்ல, பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தி, டவுனுக்குப் போவவே முடில. எதிர் வீட்டுப் பொண்ணுக்கு கல்யாணம் முடிஞ்சிருச்சு. பையன் பெங்களூரு. நெறம்தான் கம்மி."

இப்படியே போகும். கடைசியில், "சரி, வெச்சிடட்டா?" என்பாள். நான் சும்மா இருப்பேன். "ஆங், இன்னொண்ணுடா" என்பாள். அதுதான் அந்த வாரத்து மனு. மோட்டார் ரிப்பேர், பட்டாவில் பெயர் மாற்றம், தலைவலி, எதுவாக இருந்தாலும் அந்த 'இன்னொண்ணு'க்குப் பிறகுதான் வரும்.

வகுப்பில் சேர்ந்த பிறகு எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. வேலையிலும் கிளினிக்கிலும் ஆங்கில வரிசை வேலை செய்கிறது என்று கண்டுகொண்ட தைரியத்தில் அதைத் தமிழுக்கும் பூசிப் பார்த்தேன். யாழினியைப் பதினொன்றரைக்கு நீச்சலுக்கு வேறு அழைத்துப் போக வேண்டும்.

"அக்கா, மொதல்ல விஷயத்த சொல்லு. நான் கெளம்பணும்."

"விஷயமா?" என்றாள். "ஒண்ணும் இல்லடா. சும்மாதான் பேசலாம்னு."

"அப்ப வெச்சிடறேன்க்கா."

முக்கால் மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. பிறகு ஏழு. ஒரு செவ்வாய்க்கிழமை ஹெலன் மேடம், படித்ததை வாழ்க்கையில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் எழுந்து, என் அக்காவுடன் பேசும் நேரத்தைக் குறைத்துவிட்டேன் என்று யார், என்ன செய்தார், எதை என்ற வரிசை தவறாமல் சொன்னேன். அருமையான வாக்கியம் என்றார். வகுப்பே கைதட்டியது. நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

6

போன ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்கு வந்தோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது நானும் அக்காவும் செங்கம் ரோட்டில் ஒரு வேலையாகப் போய்விட்டு, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணா, எனக்கு வேணும் டீ ரெண்டு சக்கர இல்லாம" என்றார்.

"பாருக்கா, நம்ம யாழினி மாதிரியே பேசறாரு" என்று சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். கடைக்காரர் எங்கள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் பாதி குடித்துவிட்டேன். அக்கா சும்மா இருந்தாள்.

"டீ ஆறிப் போவுதுக்கா."

"குடுத்துட்டானா? எங்க?"

கிளாஸ் அவளுக்கு இடது பக்கம், கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையால் பெஞ்சைத் தடவிக்கொண்டே போய் அதைப் பிடித்தாள். பிடித்ததும் என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணுல பிரஷராம்" என்றாள். "ரத்தத்துல வர்ற பிரஷர் இல்ல, கண்ணுக்குள்ளயே நீர் கட்டி அழுத்துதாம். இந்தப் பக்கம் போயிடுச்சு. அந்தப் பக்கத்துக்கு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லியிருக்காங்க."

"போயிடுச்சுன்னா? திரும்பி வராதா?"

"வராதாம். முன்னாடியே ஆபரேஷன் பண்ணியிருந்தா இருக்கறதயாவது காப்பாத்தியிருக்கலாம்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "ஆபரேஷன்னு சொன்னாங்க இல்ல? ஏன் பண்ணிக்கல? அப்டி இன்னா பிடிவாதம்? ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"தள்ளிப் போச்சு" என்றாள். யார் தள்ளினார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் அந்த வசதி உண்டு. நானும் கேட்கவில்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அவசரத்துல இருந்த" என்று டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "விடுடா. இங்க ரெண்டு கண்ணால பாக்கறதுக்கு இன்னா இருக்குது" என்றாள்.

7

இங்கே திரும்பி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனை நான் முடிப்பதில்லை. ஆனால் ஒருமுறை மூடிய கடைக்கு ஜனங்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை. நான்கைந்து மாதம் அக்கா ஏழு நிமிடத்துக்கு மேல் பேசவே இல்லை. "உனக்கு வேலையிருக்கும், வெச்சிடறேன்" என்று அவளே முந்திக்கொள்வாள். மழையைப் பற்றி நான் கேட்டேன். மல்லாட்டையைப் பற்றிக் கேட்டேன். எதிர் வீட்டு மாப்பிள்ளையின் நிறத்தைக்கூட விசாரித்தேன். பொங்கல் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, அவளாகவே பேச ஆரம்பித்தாள். பதினொன்றரை ஆயிற்று. யாழினி நீச்சல் பையோடு வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். நான் விரலை வாயில் வைத்தேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது நிமிடம் தாண்டியது.

"சரி, வெச்சிடட்டா?" என்றாள் அக்கா. நான் மூச்சு விடாமல் இருந்தேன்.

"ஆங், இன்னொண்ணுடா. இந்த வலது கண்ணுக்காவது ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொல்றாங்க. வர்ற புதன் இல்ல, அதுக்கு அடுத்த புதன். நீ வரணும்னு ஒண்ணும் இல்ல. சொல்லணுமேன்னு சொன்னேன்."

"வரேன்க்கா."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து எதுக்குடா?"

"வரேன்."

"உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

யாழினி படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "ஏன் அத்தை சொல்லல அதை முதல்ல?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். முதலில் சொன்னால் அது கேட்பது ஆகிவிடும். கேட்டால் நான் முடியாது என்று சொல்ல வேண்டி வரலாம். அந்தச் சங்கடம் எனக்கு வேண்டாம் என்றுதான் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது சொல்வது மாதிரி கடைசியில் சொல்கிறாள். காதில் விழாத மாதிரி நான் இருந்துவிடலாம், இருவருக்கும் ஒன்றும் குறையாது. யாழினி எழுந்தாள். நீச்சல் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைக் கொண்டுபோய் வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

டேவுக்கு அன்றே எழுதினேன். எனக்கு வேண்டும் விடுப்பு இரண்டு வாரம். காரணத்தை இரண்டாம் வரியில் போட்டேன். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து அனுமதி கொடுத்தார். ஹெலன் மேடத்துக்கு ஒரு கும்பிடு. அந்த வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வலது கண் பிழைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

புதன்கிழமை காலை. டவுனில் அக்கா போய்வரும் கண் ஆஸ்பத்திரியின் மாடி. அக்காவுக்குப் பச்சை அங்கி போட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லித் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். ஃபைலோடு வந்த சிஸ்டர் இளம்பெண். "தனத்தோட அட்டெண்டர் யாரு?" என்று கேட்டாள். ஆபரேஷனுக்குக் கூட வருகிறவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் எழுந்து போனேன்.

"நீங்கதான் தம்பியா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருவழியா வந்துட்டீங்க. கையெழுத்துப் போடுங்க சார்."

ஃபைலைத் திறந்து தாள்களைத் திருப்பினாள். இடது கண்ணுக்கான பழைய தாள் நடுவில் வந்தது. அட்டெண்டர் என்ற இடத்தில் என் பெயர். பக்கத்தில், தம்பி, இங்கிலாந்து. அதற்குக் கீழே ஒரு தேதி அடித்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தேதி, அதுவும் அடித்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. கையெழுத்துப் போடும் கட்டம் காலி.

"இது இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் சார். மூணு தடவ தேதி குடுத்தோம். பக்கத்து வீட்லேர்ந்து யாராச்சும் வந்தாக்கூட போதும்னு நானே சொன்னேன். கேக்கல. தம்பி வருவான், ஞாயித்துக்கிழம போன் பண்ணுவான், சொல்லிடறேன்னு சொல்வாங்க. திங்கக்கெழம வந்து தள்ளி வெச்சிக்கலாம்னு சொல்வாங்க. நாலாவது தடவ டாக்டர் பாத்துட்டு, இனிமே இந்தக் கண்ணுக்கு பண்ணி பிரயோஜனம் இல்லன்னுட்டாரு." கொஞ்சம் தயங்கி, "உங்களால அப்ப வர முடியலையா சார்?" என்றாள்.

பதினாறு வருடம் அடுத்தவர் குறையை எழுதியவன், ஆங்கில வரிசையில் சான்றிதழ் வாங்கப் போகிறவன், அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏம்மா, அவன் அப்பவே வரேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். அவள் நீட்டிய பேனாவை வாங்கிப் புதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை.